தேரிலிருந்து இறங்கும் நேரம்

நம் தெய்வங்கள் எல்லோருக்கும் வாகனம் உண்டு. சிவபெருமானுக்கு இடபம், திருமாலுக்குக் கருடன், விநாயகருக்கு மூஞ்சூறு, முருகனுக்கு மயில். பிரம்மோற்சவ நாள்களில் நாளுக்கொரு வாகனத்தில் சுவாமி எழுந்தருளும் அழகைக் காண நாமெல்லாம் வீதியில் காத்து நிற்கிறோம். யானையில் வந்தாலும் குதிரையில் வந்தாலும், வீதியுலா நிறைவுற்றதும் சுவாமி வாகனத்திலிருந்து இறங்கி ஆலயத்துக்குள் எழுந்தருளிவிடுகிறார். வாகனம் மண்டபத்தில் தன் இடத்துக்குப் போய்விடுகிறது. ஏறும் கோலத்தைத் தரிசிக்கக் கூடும் கூட்டம், இறங்கும் நேரத்தில் இருப்பதில்லை.

37 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இப்போது வயது 66. நிலம், நகை என்று எதிலும் பெரிய நாட்டம் இருந்ததில்லை. ஒரே ஒரு பொருளின் மீது மட்டும் சிறுவயது முதல் தீராத ஆசை. அது சின்னஞ்சிறிய, துடிப்பான ஒரு கார். பெரிய காரில் சாய்ந்து அமர்ந்து செல்பவர்களைப் பார்த்து நான் ஏங்கியதில்லை. குதிரைக் குட்டியைப் போல் துள்ளிப் புறப்பட்டு, சந்து திரும்பினால் சட்டென்று உடன் திரும்பும் சிறிய காரை என் கையால் ஓட்ட வேண்டும் என்பதே ஆசை. ஆன்மிக இதழில் காரைப் பற்றி எழுதுவதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மனிதன் எதை விரும்பினான், அதை எப்படிப் பிடித்திருந்தான், எப்போது விட்டான் என்பதும் ஆன்மிகத்தில் சேர்ந்ததுதான் என்று கருதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். 1960-களின் பிற்பகுதியில் எங்கள் தெருவுக்கு வைத்தியம் பார்க்க வரும் மருத்துவர் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். 1961 முதல் நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் தயாரான கார் அது. மற்றக் கார்களில் இயந்திரத்தின் மேல்மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலோ, இருபக்க மட்கார்டுகளும் சேர்ந்து முகப்பு முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே சக்கரம், அச்சு, இயந்திரம் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். அம்பாசடர் கார்கள் முன்னும் பின்னுமாக இரண்டு முறை எடுத்துத் திரும்பும் எங்கள் குறுகிய தெருவில், மருத்துவரின் ஹெரால்டு ஒரே வளைவில் திரும்பிப் போகும். அந்த வளைவைப் பார்ப்பதற்காகவே நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

1982-இல் வங்கி அதிகாரியாகப் பணியில் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். என்னிடம் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர். முன்னால் மகள் நிற்க, பின்னால் மனைவி அமர, ஊர் ஊராக மாற்றலாகிப் போன காலம் அது. ஆசை மட்டும் அப்படியே இருந்தது. 1993-இல் மாருதி ஜென் வந்தபோது அது கொழுந்துவிட்டது. உருண்டையான உடல், 993 சி.சி. அலுமினிய இயந்திரம், ஐந்து கியர்கள், முக்கால் டன் அளவே எடை. இங்கே தயாரான அந்தக் கார் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. தெருவில் ஒரு ஜென் கடந்து சென்றால் கண் அதன் பின்னாலேயே போகும்.

ஞானப்பழத்துக்காக உலகை வலம் வரப் புறப்பட்ட முருகனை நான் அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாய் தந்தையைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்ற விநாயகரின் அறிவைப் புகழும்போது, மயிலேறிப் பறந்த இளையவரைச் சற்றுக் குறைத்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால் அந்தப் பயணமும் அதன் முடிவில் எழுந்த கோபமும் இல்லையேல் நமக்குப் பழனி ஏது? இளமைக்கு வேகம் உரியது. மலையும் கடலும் கடந்து வரும் ஆவல் அந்த வயதுக்கு இறைவன் தந்த பிரசாதம். அதை அடக்கிவைப்பதைவிட, நல்ல காரியத்தில் செலவிடுவதே முறை.

1997-இல், என் 38-ஆம் வயதில், சென்னையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, வங்கி ஊழியர்களுக்கான வாகனக் கடனில் ஜென் வாங்கினேன். மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வாங்கிய நாளிலிருந்தே மதிப்புக் குறையும் சொத்து இது என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்லும் நானே கையெழுத்திட்டேன். மனம் கணக்குப் பார்க்கவில்லை. பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குத்தான் முதலில் ஓட்டிச் சென்றோம். மாலை சாற்றி, சந்தன குங்குமம் இட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்துப் புறப்பட்டபோது, அருகில் அமர்ந்திருந்த மனைவி, “இனி உங்களைக் கையில் பிடிக்க முடியாது” என்றாள். சொன்னபடியே ஆயிற்று.

அடுத்த ஆண்டு கும்பகோணத்துக்கு வந்தபோது என் அம்மாவை நவக்கிரகத் தலங்களுக்கு ஒரே நாளில் அழைத்துச் சென்றேன். அவருக்கு அப்போது 70 வயது. சிறுமியாக இருந்தபோது மாட்டு வண்டியில் சூரியனார்கோயிலுக்குப் போனதைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டுச்சோறும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு, இரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் திரும்புவார்களாம். இப்போது விடியற்காலையில் திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று உச்சிவேளை நடைசாத்துவதற்குள் ஐந்து தலங்கள். மாலையில் வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், நிறைவாகத் திருநள்ளாறு. அறுவடைக் காலம். சாலையெங்கும் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வாய்க்கால் பாலங்களில் ஏறி இறங்கி, எதிரே வரும் டிராக்டருக்கு ஒதுங்கி, வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து ஏற்றி, அன்று ஓட்டியதுபோல் நான் என்றுமே ஓட்டியதில்லை.

அம்மா முன்னிருக்கையில் என் இடப்பக்கம் அமர்ந்து, மடியில் கைகளைக் கோத்தபடி, வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கஞ்சனூரைத் தாண்டியதும் ஒன்று சொன்னார்: “கோபுரம் தெரியுற இடத்துலயாவது கொஞ்சம் மெதுவா போப்பா. கன்னத்துல போட்டுக்கிறதுக்குள்ள மறைஞ்சுடுது.” அன்று முதல் எந்த ஊரில் கோபுரம் தெரிந்தாலும் காலைச் சற்றுத் தளர்த்துவது என் வழக்கமாயிற்று. அம்மா 2003-இல் இறைவனடி சேர்ந்தார். வழக்கம் இன்றும் இருக்கிறது.

குடும்பத் தலைவனின் கார், பெயருக்குத்தான் அவனுடைய கார். பள்ளிக்கூடப் பை, மழையில் நனைந்த குடை, ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை, கலியாண வீட்டுப் பாத்திரம், அவசரத்துக்கு மருத்துவமனை என்று பத்தாண்டுகள் அந்தச் சின்ன ஜென் எங்களைச் சுமந்தது. பிறகு மகளின் படிப்பு, திருமணம் என்று பொறுப்புகள் வந்தபோது அதை விற்றேன். அடுத்த ஆண்டுகளில் வாங்கியது எல்லோரும் வசதியாக அமரக்கூடிய சாதுவான ஒரு கார். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஒருநாளும் மக்கர் செய்யாமல் உழைத்தது.

2019-இல் பணி ஓய்வும் மணிவிழாவும் ஒரே ஆண்டில் வந்தன. ஓய்வூதியப் பலன்களைத் தக்கபடி பிரித்து வைத்த பிறகு, ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் வாங்குவதாக வீட்டில் அறிவித்தேன். “அறுபது வயதில் சிவப்பா, அப்பா? தானியங்கி கியராவது எடுங்கள்” என்றாள் மகள். “செவ்வேள் என்று முருகனுக்கே பெயர் இருக்கிறதே” என்று நிறத்துக்கு விடை சொன்னேன். கியரைக் கையால் மாற்றும் இன்பத்தை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாததால் அதற்கு விடை சொல்லவில்லை.

அந்தக் காரில்தான் மணிவிழாவுக்குத் திருக்கடையூர் சென்றோம். அதன்பின் சுவாமிமலை எங்கள் வாடிக்கையாயிற்று. தமிழ் வருடங்கள் அறுபதைக் குறிக்கும் அறுபது படிகள் அங்கே. சுழற்சி முடிந்து, பிறந்த வருடமே மீண்டும் வந்த வயதில் அந்தப் படிகளை எண்ணி ஏறுவதில் ஒரு நிறைவு உண்டு. முழங்கால் வலியால் மனைவியால் ஏற இயலாது. கீழே மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதியில் அமர்ந்திருப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆளில்லாத சாலையில், காவிரிக் காற்று முகத்தில் அடிக்க ஓட்டிச் சென்ற அந்த நாள்களில், இருபதிலும் நாற்பதிலும் கிடைக்காத ஓர் அமைதியான உற்சாகம் கிடைத்தது. யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. எங்கும் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. காரை முழுமையாக அனுபவித்தது அறுபதில்தான்.

திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகத் தடுக்கப்பட்ட எமதர்மனே, நசிகேதன் என்னும் சிறுவனுக்கு ஆசானாக அமர்ந்து உபதேசித்ததைக் கடோபநிடதம் கூறுகிறது. அதில் வரும் தேர் உவமையை அன்பர்கள் அறிவார்கள். உடல் தேர். ஆன்மா அதில் அமர்ந்திருக்கும் தலைவன். புத்தி சாரதி. மனம் கடிவாளம். புலன்கள் குதிரைகள். இளமையில் இதைக் கேட்டபோது, குதிரைகளை அடக்க வேண்டும் என்பது மட்டுமே மனத்தில் பதிந்தது. அறுபதுக்குப் பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. தலைவன் வேறு, சாரதி வேறு. சாரதியின் வேலையைச் செய்வதாலேயே ஒருவன் தலைவனாகிவிடுவதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டாலும் தலைவன் தலைவன்தான்.

இதை எனக்குப் பாடமாக்கியது கண். 2022-இல் இரண்டு கண்களிலும் புரை நீக்கும் சிகிச்சை நடந்தது. பகலில் பார்வை பழுதில்லை. இரவில் மட்டும், எதிரே வரும் வண்டிகளின் வெள்ளை விளக்கு கண்ணில் பாய்ந்தால், அடுத்த இரண்டு கணம் சாலை காணாமல் போகிறது. பின்னோக்கி எடுக்கும்போது கழுத்து முன்போல் திரும்புவதில்லை. இவற்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் 40 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளுக்குச் சொல்லத் தேவையில்லை. “என்னங்க, இனிமேல் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடலாமே” என்றாள் ஒருநாள், வேறு எதையோ பேசுவதுபோல.

முதியவர் வீட்டில் கார்ச் சாவி என்பது வெறும் சாவியன்று. “நானே போய்க்கொள்கிறேன்” என்று சொல்வதற்கு அவர் கையில் எஞ்சியிருக்கும் உரிமை அது. அலுவலக அறை போயிற்று, கையெழுத்தின் மதிப்புப் போயிற்று, வீட்டுத் தீர்மானங்களும் மெல்லப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன. சாவியும் போனால்? பிரதோஷத்துக்கும் கிருத்திகைக்கும் மனைவியை அழைத்துச் செல்ல எவரை எதிர்பார்த்து நிற்பது? இந்தக் கேள்வி பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. என் வயதுள்ள நண்பர்கள் பலரும் இதே கேள்வியைச் சொல்லாமல் சுமக்கிறார்கள் என்பதை அறிவேன். சிலர் வீட்டில் இதுவே தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனத்தாங்கலாக முற்றியிருக்கிறது.

சென்ற தை மாதம் மகள் வந்திருந்தாள். வைத்தீசுவரன்கோயிலுக்குப் புறப்பட்டோம். “அப்பா, இன்று நான் ஓட்டட்டுமா?” என்றாள். பிடுங்கவில்லை, வற்புறுத்தவில்லை, கேட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு இடப்பக்க இருக்கையில் அமர்ந்தேன். திருவிடைமருதூர் வரை என் வலக்கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது. மகள் அதைக் கவனித்தும் சிரிக்கவில்லை. பிறகு மகாலிங்க சுவாமியின் கோபுரம் தெரிந்தது. கார் தானாகவே மெதுவாயிற்று. சிறுமியாகப் பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்ததை அவள் மறக்கவில்லை போலும். அந்தச் சாலையில் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். ஓட்டுபவன் கண்ணுக்குச் சாலைதான் தெரியும், கோபுரம் ஓரக்கண்ணில் வந்து போகும். அன்றுதான் அதை அடிமுதல் கலசம்வரை நிதானமாகப் பார்த்தேன். நிலைக்கு நிலை மாடங்களில் கிளிகள் அமர்ந்திருந்தன. இரு கைகளையும் தலைக்குமேல் கூப்ப முடிந்தது. ஆடுதுறை, குத்தாலம் என்று வழிநெடுகக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். 1998-இல் அம்மா அந்த இருக்கையில் அமர்ந்து எதைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது அன்று புரிந்தது.

எங்கள் பக்கத்துத் திருவாரூர் ஆழித்தேரை அறியாதவர் இலர். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. இப்போது அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்தளித்த பிரேக் உண்டு. ஆனாலும் வீதி திரும்பும்போது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்களின் வேலை தனி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, உருளும் சக்கரத்தின் அருகிலேயே ஓடி, சரியான நொடியில் கட்டையைச் செருகுகிறார்கள். அந்தக் கட்டையில் ஏறி வழுக்கித்தான் தேர் திசை திரும்புகிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள் சொல்கிறோம். தேருக்கோ அதுதான் வழிகாட்டி. அது இல்லையேல் தேர் எதிர்வீட்டுச் சுவரில்தான் போய் நிற்கும். மனைவி, மக்கள் சொல்லும் “மெதுவாக”, “இரவில் வேண்டாம்” என்னும் சொற்களும் அத்தகைய கட்டைகளே. நம்மை நிறுத்துவதற்காக அல்ல, அடுத்த வீதிக்குத் திருப்புவதற்காகச் செருகப்படுகின்றன.

எனவே நானே எனக்குச் சில விதிகளை வகுத்துக்கொண்டிருக்கிறேன். பயன்படும் என்றால் அன்பர்களும் எண்ணிப் பார்க்கலாம். விளக்கு வைத்த பிறகு ஓட்டுவதில்லை. நெடுஞ்சாலையில் தனியே செல்வதில்லை. தூக்கம் தரும் மாத்திரை எதையாவது மருத்துவர் தந்தால், அந்த நாள்களில் சாவியைத் தொடுவதில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவன் என்பதால் ஏகாதசி, சஷ்டி முதலிய விரத நாள்களில் ஓட்டுவதே இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் கண் இருட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். விரதம் நமக்கு, அதன் அபாயம் சாலையில் நடப்பவருக்கு என்று ஆகிவிடக் கூடாது. காரில் காரணம் தெரியாத புதிய கீறல்கள் தென்பட்டாலோ, பழகிய சாலையில் திருப்பம் மறந்தாலோ, பின்னால் வருபவர்கள் அடிக்கடி ஒலியெழுப்பினாலோ, அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்பதும் விதிகளில் ஒன்று.

நம் நாட்டுச் சட்டமும் படிப்படியாகவே இறங்கச் சொல்கிறது. 40 வயதைக் கடந்தவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவரின் சான்றாகப் படிவம் 1-ஏ தர வேண்டும். 55 வயதுக்கு மேல் ஐந்து ஐந்து ஆண்டுகளுக்கே உரிமம் நீட்டிக்கப்படுகிறது. நான் 2024-இல் புதுப்பித்தேன். 2029-இல் அது முடியும்போது எனக்கு 70 வயது நிறைந்திருக்கும். அதற்குமேல் புதுப்பிப்பதில்லை என்று மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். உடல் அதற்கு முன்பே சொன்னால் முன்பே. நம்பகமான ஓர் ஆட்டோ ஓட்டுநரை இப்போதே பழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம். மழை நாள் பிரதோஷங்களுக்கு அவர்தான் வருகிறார். கணக்கை நாமே நேரில் சென்று முடித்துக்கொள்வதற்கும், பிறர் வந்து முடித்துவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னதில் மரியாதை இருக்கிறது.

இளைய தலைமுறையினருக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் கையிலிருந்து சாவியைப் பிடுங்காதீர்கள். ஒளித்தும் வைக்காதீர்கள். “இன்று நான் ஓட்டட்டுமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் போக விரும்பும் கோயிலுக்கே அழைத்துச் செல்லுங்கள். சாவி தானாகவே உங்கள் கைக்கு வரும்.

பாரதப் போர் முடிந்த மாலையில் நடந்ததை உபந்நியாசங்களில் கேட்டிருப்பீர்கள். வழக்கமாகச் சாரதியே முதலில் இறங்குவான். அன்று கண்ணனோ, “அர்ச்சுனா, காண்டீபத்தையும் அம்பறாத்தூணிகளையும் எடுத்துக்கொண்டு நீ முதலில் இறங்கு” என்றான். அர்ச்சுனன் காரணம் கேட்காமல் இறங்கினான். பிறகு கண்ணன் இறங்கினான். கொடியிலிருந்த அனுமன் மறைந்தார். அடுத்த கணம் தேர் தீப்பற்றிச் சாம்பலாயிற்று. துரோணரும் கர்ணனும் எய்த அஸ்திரங்களால் அது முன்பே எரிந்துபோயிருக்க வேண்டியது. கண்ணன் அமர்ந்திருந்ததால் நின்றது. அந்தத் தேரில் அர்ச்சுனனுக்கு எவ்வளவு பற்று இருந்திருக்கும்! சொன்ன சொல்லுக்கு இறங்கினான், பிழைத்தான். தேர் போன பிறகும் அவன் அர்ச்சுனன்தான். கண்ணனும் அவன் அருகில்தான் நின்றான்.

நம்மை இறங்கச் சொல்லும் குரல் மனைவியின் குரலாக வரலாம், மகளின் குரலாக வரலாம், கண் மருத்துவரின் குரலாகவும் வரலாம். அது யாருடைய குரல் என்று அறிந்துகொள்ளும் தெளிவைப் பார்த்தசாரதிப் பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக.